மெழுகும் சாயமும்: ஓவியனின் படைப்புநெறி குறித்து ஓர் இறையியல் சிந்தனை

ஓவியம் தீட்டுதல் இறைவழிபாட்டின் ஒரு பகுதியாக இருக்கக்கூடுமா என்னும் கேள்வி நமது புராட்டஸ்டண்டு திருச்சபைகளில் அதிகம் எழுப்பப்படுவதில்லை. இசைக்கு நம்மிடையே தாராளமாக இடமுண்டு. கீர்த்தனைகளும் ஞானப்பாட்டுகளும் இல்லாத ஆராதனையை நாம் எண்ணிப் பார்ப்பதும் அரிது. ஓவியமோ ஞாயிறு பள்ளியின் படச்சுருளிலும், நாள்காட்டியிலும், கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையிலும் ஒதுங்கி நின்றுவிட்டது. கண்ணுக்குரியது விக்கிரகத்திற்கு வழிகோலும் என்னும் அச்சம் இதற்கு ஒரு காரணம். கலை என்பது வேலை முடிந்தபின் மிஞ்சிய நேரத்துக்குரியது என்னும் எண்ணம் மற்றொரு காரணம். இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்க்க, போதகராகவும் ஓவியராகவும் வாழ்ந்த ஒருவரின் படைப்புமுறை நமக்குத் துணைசெய்கிறது. துணியும் சாயமும் அவருடைய கருவிகளாக இருந்தமையால், பின்னலாடைத் தொழிலை உயிர்நாடியாகக் கொண்ட திருப்பூர் வட்டாரத்தில் ஊழியம் செய்வோர் அவரிடம் கற்கவேண்டியவை பல உண்டு.

போதக ஓவியர்

1921ஆம் ஆண்டு பிறந்த புலிதிண்டி சாலமோன் ராஜ், ஆந்திர நாட்டு லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்த போதகர். ஆந்திராவில் தோன்றிய பைபிள் மிஷன் இயக்கத்தை ஆராய்ந்து பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். ஆயினும் உலகத் திருச்சபை அவரை மிகுதியும் அறிந்தது, மரச்செதுக்கு அச்சுகளாலும் 'பத்திக்' எனப்படும் மெழுகுச்சாய ஓவியங்களாலுமே. அவருடைய படங்களில் இயேசு பெரும்பாலும் ஏழைகளின் நடுவிலும், அகதிகளின் நடுவிலும், சமுதாயம் ஒதுக்கிவைத்தவர்களின் நடுவிலும் நிற்கிறார். ஓவியத்தின் அருகே தியானக் கவிதையை வைத்து நூல்களாக வெளியிடுவதும் அவருடைய வழக்கம். பார்ப்பதும் ஜெபிப்பதும் அவருக்கு இருவேறு செயல்கள் அல்ல என்பதை இவ்வழக்கமே காட்டுகிறது.

அவர் கையாண்ட பத்திக் முறையைச் சற்று விளக்கமாக அறிவது நன்று. அவருடைய ஆன்மிகத்தின் வடிவத்தை அம்முறையிலேயே நாம் காணலாம்.

பத்திக் கற்பிக்கும் பாடம்

வெள்ளைப் பருத்தித் துணியை விரித்து, எவ்விடம் வெண்மையாகவே இருக்கவேண்டுமோ அவ்விடத்தில் உருக்கிய மெழுகைத் தடவுவது முதற்படி. பின்பு துணியை இளநிறச் சாயத்தில் நனைக்கின்றனர். உலர்ந்தபின், அந்த இளநிறம் நிலைக்கவேண்டிய இடத்தில் மீண்டும் மெழுகு. அதன்பின் அதைவிட அடர்ந்த சாயம். இவ்வாறு வெளிச்சத்திலிருந்து இருளை நோக்கிப் படம் வளர்கிறது. சுடுநீரில் மெழுகு உருகிவிடும் ஆதலால் குளிர்ந்த நீரில் பற்றும் சாயங்களே இதற்கு ஏற்றவை. இறுதியில் துணியைக் கொதிநீரில் இட்டு மெழுகு முழுவதையும் நீக்கும்போதுதான் படம் தன் முழு வடிவில் வெளிப்படுகிறது.

இம்முறையில் மூன்று காரியங்களை நாம் கவனிக்கவேண்டும். முதலாவது, ஓவியனின் முதற்செயல் ஒன்றைச் சேர்ப்பதன்று; ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கும் வெண்மையைக் காப்பதே. இரண்டாவது, ஏறிய சாயத்தைத் திரும்பப் பெற இயலாது. தைலவண்ணத்தில் தவற்றின்மேல் வேறு வண்ணம் பூசி மறைக்கலாம்; இங்கே அது கூடாது. ஆகவே ஒவ்வொரு நிறத்திற்கு முன்னும் நின்று சிந்திக்கவேண்டும். மூன்றாவது, வேலை நடக்கையில் படம் மெழுகுக்குள் மறைந்தே இருக்கிறது. மெழுகு மடிந்து வெடித்த இடங்களில் சாயம் நுழைந்து மெல்லிய கோடுகளை உண்டாக்குகிறது. அக்கோடுகளை ஓவியன் முழுமையாகத் திட்டமிட முடியாது, ஏற்றுக்கொள்ளத்தான் முடியும்.

காத்தல், காத்திருத்தல், ஏற்றல் என்னும் இம்மூன்றும் ஜெப வாழ்வின் ஒழுங்குகளாகவும் இருப்பதை நாம் காண்கிறோம். கலைஞன் தன் உள்ளத்திலிருந்தே அனைத்தையும் தோற்றுவிக்கும் சிறு கடவுள் என்னும் கருத்து நவீன காலத்தில் பரவியுள்ளது. இன்மையினின்று படைத்தல் கடவுள் ஒருவருக்கே உரியது என்பது நமது விசுவாசம். மனிதன் பெற்றுக்கொண்டதிலிருந்தே படைக்கிறான். எனவே அவனுடைய படைப்பின் தரத்தை அவன் வெளிப்படுத்திய தன்னுணர்வைக் கொண்டு மட்டும் அளத்தல் போதாது; தன்னிடம் ஒப்புவிக்கப்பட்டதை எவ்வாறு கையாண்டான் என்பதைக் கொண்டும் அளக்கவேண்டும்.

யாத்திராகமத்தின் சாட்சி

இக்கருத்துக்கு யாத்திராகமம் உறுதியான அடிப்படை தருகிறது. பெசலெயேல் தேவ ஆவியினால் நிரப்பப்பட்டதை (31:1-5) நாம் அறிவோம். அதற்கு முன்பே, ஆரோனின் வஸ்திரங்களைத் தைப்பவர்கள் ஞானத்தின் ஆவியால் நிரப்பப்பட்டவர்கள் என்று கூறப்பட்டிருப்பதை (28:3) நாம் எளிதில் கடந்துவிடுகிறோம். தையற்காரரின் விரல்களிலும் ஆவியானவரின் வரம் உண்டு. தங்கள் கைகளால் நூல் நூற்றுக் கொண்டுவந்த ஸ்திரீகளும் (35:25-26) ஞானமுள்ளவர்கள் என்றே எண்ணப்பட்டனர். வண்ணநூலும் நெசவும் தையலும் கூடாரத்தின் வெளிப்பூச்சு அல்ல. மக்கள் தேவனைச் சந்திக்கும் இடமே அவற்றால் ஆனது.

ஆனால் கைத்திறன் அனைத்தும் பரிசுத்தமானது என்று வேதம் கூறவில்லை. பெசலெயேலின் அழைப்பை அடுத்த அதிகாரத்திலேயே ஆரோன் பொன்னைக்கொண்டு கன்றுக்குட்டியை வார்ப்பிக்கிறான். இரண்டிற்கும் பொருள் ஒன்றே, மக்களும் அவர்களே. வேறுபாடு எங்கே உள்ளது? அவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையில் ஓய்வுநாள் கட்டளை வைக்கப்பட்டிருக்கிறது (31:12-17). ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைக்காகவும் ஓய்வைக் குலைக்கக்கூடாது. பின்னர் காணிக்கை மிகுதியானபோது, போதும் என்று சொல்லி மோசே மக்களை நிறுத்துகிறான் (36:5-7). நின்று இளைப்பாறவும் போதும் என்று சொல்லவும் அறிந்த வேலை ஆராதனையாகிறது. காத்திருக்க மனமின்றி அவசரத்தில் செய்தது கன்றுக்குட்டியாயிற்று.

நொய்யலின் நிறம்

இவ்வளவுகோலோடு நாம் திருப்பூருக்கு வருவோம். பனியன் துணிக்கு நிறமேற்றப் பெரும்பாலும் பயன்படும் சாயங்கள் பருத்தியைப் பற்றுவதற்கு மிகுதியான உப்பு தேவை. பற்றாத சாயமும் கரைந்த உப்பும் கழிவுநீரில் தங்கிவிடுகின்றன. வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் காவிரியில் கலக்கும் நொய்யல் ஆறு பல ஆண்டுகள் இக்கழிவைச் சுமந்தது. பாசனத்திற்காகக் கட்டப்பட்டு 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. கீழ்மடை உழவர்களின் நிலமும் கிணறும் உவர்த்தன. அவர்கள் தொடர்ந்து போராடினர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஆற்றில் விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறையை ஏற்ற பின்னரே பட்டறைகள் படிப்படியாக இயங்கத் தொடங்கின.

பத்திக் ஓவியன் நிறத்தைத் தொடுமுன் வெண்மையைக் காக்கிறான். தொழிலோ நிறத்தைத் தேடி நீரைக் காக்க மறந்தது. அழகான ஒரு வண்ணத்தின் விலையை ஆற்றின் கீழ்மடையில் வாழும் அயலான் செலுத்துவானாயின், அவ்வழகை நாம் இறையியல் கண்கொண்டு நன்று எனக் கூற இயலாது. சிருஷ்டிப்பின் நீரைக் காத்தலும் கலையின் ஒழுக்கத்தைச் சேர்ந்ததே.

உழைப்பாளரும் ஓவியமும்

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் எழும். ஓவியனுக்குத் தியானிக்க நேரமுண்டு. பவர் டேபிளின் முன் அமர்ந்து ஒரே தையலை நாள்முழுதும் தைக்கும் பெண்ணுக்கு அது எங்கே? பெசலெயேலுக்கு யோசித்து உருவாக்கும் உரிமை இருந்தது. அவளோ எவரோ வரைந்த வடிவத்தின் ஒரு விளிம்பை மட்டும் தைக்கிறாள். பீஸ் ரேட்டுக்காகச் செய்யும் அவ்வேலையைப் பெசலெயேலின் கலை என்று பிரசங்கபீடத்திலிருந்து புகழ்வது ஆறுதலன்று. அவளுடைய களைப்பைக் காண மறுப்பதாகும். 'ஒன்றரை ஷிப்ட்' என்பது வழக்குச்சொல்லாகிவிட்ட ஊரில், ஓய்வுநாள் கட்டளையைக் கூறாமல் கைத்திறனை மட்டும் போற்றுவது யாத்திராகமத்தைப் பாதியாக வாசிப்பதேயாகும்.

பிழைப்புக்கும் படைப்புக்கும் உள்ள இந்த இழுபறியைத் தமிழ்நாட்டு ஓவியர்களும் அறிந்திருந்தனர். 1911இல் கோயமுத்தூரில் பிறந்த கே. சி. எஸ். பணிக்கர் தம் மாணவர்களோடு 1966இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவினார். அக்கலைஞர்கள் பத்திக் முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று வயிற்றைக் காத்தனர். மீந்த நேரத்தில் எவருடைய கட்டளைக்கும் உட்படாமல் ஓவியம் தீட்டினர். சந்தைக்கு முழுவதும் விற்கப்படாத ஒரு பொழுது தங்களுக்குத் தேவை என்று உணர்ந்து, அதைக் கூட்டாகத் தேடிக்கொண்டனர். அத்தகைய பொழுதை உழைப்பாளிக்குத் தேடித்தருவது திருச்சபையின் கடமையல்லவா?

ஊழியருக்குச் சில யோசனைகள்

தென்மாவட்டங்களிலிருந்தும், அண்மைக் காலமாக ஒடிசா, பீகார் முதலிய வடமாநிலங்களிலிருந்தும் வந்து குடியேறியோர் பலர் திருப்பூரில் உழைக்கின்றனர். அவர்களிடையே பணிபுரியும் ஆயர்கள் முதலில் பட்டறையையும் கம்பெனியையும் நேரில் கண்டு, அங்குள்ள சொற்களையும் வேலை நேரங்களையும் அறிந்துகொள்ள வேண்டும். இரண்டாவதாக, வார ஓய்வையும் நியாயமான கூலியையும் ஆராதனையைச் சார்ந்த பொருள்களாகவே போதிக்க வேண்டும். மூன்றாவதாக, சபையின் பீடத்துணியைக் கடையில் வாங்குவதை விடுத்து, தைக்கத் தெரிந்த சபையாரிடமே அதன் வடிவமைப்பை ஒப்படைக்கலாம். என்ன நிறம், என்ன உருவம் என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். அவசரப்படுத்தாமல் காலமும் கொடுப்போம். நாள்தோறும் பிறருடைய வடிவத்தைத் தைக்கும் கைகள் ஒருமுறையாவது தாம் சிந்தித்ததைத் தைக்கும்.

இறையியல் மாணவர்கள் ஓவியத்தை உபதேசத்திற்கு உதவும் விளக்கப்படமாக மட்டும் கருதலாகாது. கவனமாகக் காண்பதற்கும் பொறுமையோடு காத்திருப்பதற்கும் அது ஒரு பயிற்சி. துணியில் எதைச் சாயம் தீண்டாமல் காக்கவேண்டும் என்று முதலில் கேட்கக் கற்றவன், மனிதரிடத்திலும் நிலத்திலும் நீரிலும் அக்கேள்வியைக் கேட்கத் தவறமாட்டான்.