திஹார்: பின்கட்டு வழியே ஒரு பார்வை

தீபாவளிச் சமயத்தில் காட்மாண்டு போகிறவர்கள் எல்லாரும் எடுக்கும் படம் ஒன்றுதான்: வாசலில் அகல் வரிசை, மாடியிலிருந்து தொங்கும் செண்டுமல்லிச் சரம். அழகுதான், ஆனால் அது முன்வாசல். நேபாளிகள் திஹார் என்று ஐந்து நாள் கொண்டாடும் இந்தத் திருவிழாவின் உயிர் பின்கட்டில் இருக்கிறது. வெளிநாட்டுக்காரி என்று பாராமல் என்னை உள்ளே விட்டார்கள். அடேயப்பா, என்னவெல்லாம் பார்த்தேன்!

ஊரெல்லாம் விளக்கு, வீட்டுக்குள் போனால் பேச்செல்லாம் எமனைப் பற்றி! முதல் நாள் எமனின் தூதனான காக்கைக்குச் சோறு. அது நமக்குப் பழகியதுதான். மறுநாள் நாய்களுக்குப் பூஜை! எமலோக வாசலைக் காப்பது நாய் என்பதால், தெருநாய் முதல் போலீஸ் நாய் வரை அன்று எல்லாவற்றுக்கும் நெற்றியில் திலகம், கழுத்தில் மாலை. டீக்கடை வாசலில் மாலையும் கழுத்துமாகத் தூங்கிய செவலை நாய் ஒன்றை யாரும் விரட்டவில்லை. எல்லாரும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் லட்சுமி பூஜை. சாயங்காலம் விளக்கேற்றுவதற்கு வெகு முன்பே சமையலறையில் திருவிழா தொடங்கிவிடுகிறது. ஊறவைத்து அரைத்த அரிசியில் நெய்யும் சர்க்கரையும் சேர்த்த மாவு. வீட்டுக்கார தீதி (அக்கா) அதைக் கையில் அள்ளி, காய்ந்த எண்ணெயில் ஒரே சுற்றில் வளையமாக விடுகிறார். எங்கும் அறுவதில்லை! மாவு உள்ளே போய் உடனே மேலே எழும்புகிறது. மூங்கில் குச்சியால் ஒரு திருப்பு, ஒரு தூக்கு. செல் ரொட்டி தயார். ஓரமெல்லாம் மொறுமொறு, உள்ளே நம் நெய்யப்பம் மாதிரி மெத்து. "மாவு நீர்த்துப் போனால் வளையம் நிற்காது, இறுகினால் வேகாது" என்று சொல்லிக்கொண்டே அடுத்ததை விட்டார். அதற்குள் அவர் மகள் செம்மண்ணும் சாணமும் குழைத்து, வாசலிலிருந்து பூஜை அறை வரை ஒரு பாதை மெழுகி முடித்திருந்தாள். அதன்மேல் லட்சுமியின் குட்டிக் குட்டிப் பாதங்கள். இருட்டியதும் பைலோ என்ற திருவிழாப் பாட்டைப் பாடும் பெண்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அடுக்கி வைத்த ரொட்டி மளமளவென்று கரைந்தது.

எனக்கு உச்சம் நான்காம் நாள் இரவுதான். காட்மாண்டுவை அடுத்த பாட்டன் நகரில், நேவார் இனக் குடும்பம் ஒன்று. 879-இல் தொடங்கிய நேபாள சம்வத் என்ற ஆண்டுக் கணக்குக்கு அன்று புத்தாண்டு. சங்கதர் சாக்வா என்ற வணிகர் ஊரார் கடனையெல்லாம் அடைத்துத் தொடங்கி வைத்தது என்பது வழிவழியாக வரும் கதை. 1999-இல் அவரைத் தேசிய வீரராக அரசு அறிவித்தது. அந்தப் புத்தாண்டில் நேவார்கள் பூஜை செய்வது யாருக்குத் தெரியுமா? தங்களுக்கே! தரையில் ஆளுக்கொரு மண்டலம். முதலில் நீரால் வட்டம், அதன்மேல் கடுகெண்ணெய், அதற்கும் மேல் மாவுக் கோலம். வரிசையின் கடைசியில் எமனுக்கும் அவன் தூதனுக்கும்கூட இடம் உண்டு. நடுவில் ஒரு மண்டலத்துக்கு முன்னால் ஆளில்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனுக்காம். அதற்கும் பூ, பழம், அம்மா கையால் திரித்த நீளத் திரி, ஒன்றும் குறையவில்லை. அங்கே வந்ததும் அவர் கை இன்னும் நிதானமானது. அப்புறம் பார்த்தால், எனக்கும் ஒன்று போட்டிருக்கிறார்கள்! எரியும் திரியைக் கையில் கொடுத்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. பூஜை முடிந்து முட்டை, மீன், பருப்பு வடையோடு வீட்டில் வடித்த அயிலா சாராயம். ஒரு வாய்தான், காது வரை சுட்டது.

ஐந்தாம் நாள் பாய் டீகா, சகோதரர்களுக்குச் சகோதரிகள் மாலையிட்டுப் பொட்டு வைக்கும் நாள். எமனையே அவன் தங்கை யமுனா உபசரித்து நிறுத்திவைத்தாளாம். அதுபோல, அன்று போடும் மாலை வாடும்வரை சகோதரனை எமன் தொடக்கூடாது என்பது கணக்கு. அதனால் பெண்கள் தேடித் தொடுப்பது மக்மலி, அதாவது நம் வாடாமல்லி. என்ன சாமர்த்தியம்! வாழையிலைத் துண்டில் ஒரு கீறல் வெட்டி, நெற்றியில் வைத்து அரிசிமாவுப் பட்டை போட்டு, அதன்மேல் ஏழு நிறப் பொட்டு வைக்கிறார்கள். வாசற்படியில் அக்ரூட்டை உடைக்கிறார்கள். உடன்பிறந்தவர் இல்லாதவர்களையும் ஊர் விட்டுவிடவில்லை. மகனை இழந்த ராணியைத் தேற்ற 1670-இல் மன்னர் பிரதாப் மல்லர் காட்மாண்டில் வெட்டிய ராணி போக்ரி குளத்தின் நடுக்கோயில், ஆண்டுக்கு ஒருமுறை அவர்களுக்காகவே அன்று திறக்கிறது. 2015 பூகம்பத்தில் சேதமான அதை 2020-இல் மீட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

நேபாளம் போக இந்தியர்களான நமக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும். ஓட்டலில் அறை போடாமல், குடும்பத்தோடு தங்க இடம் தரும் வீடாகப் பாருங்கள். லட்சுமி பூஜையன்று காலையிலேயே சமையலறைக் கதவைத் தட்டி, மாவு கரைக்கக் கை கொடுக்கட்டுமா என்று கேளுங்கள்.