குறி பார்க்கும் பெண்ணும், அவளைப் பார்க்கும் கண்ணும்

துரோணாசாரியார் தம் சீடர்களுக்கு வைத்த பரீட்சையை நம் வீட்டுக் குழந்தைகள் எல்லோரும் அறிவார்கள். மரக்கிளையில் ஒரு பொம்மைப் பறவை. "என்ன தெரிகிறது?" என்று ஆசாரியர் ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவனுக்கு மரம் தெரிந்தது. மற்றொருவனுக்குக் கிளையும் இலையும் தெரிந்தன. அர்ஜுனன் ஒருவனுக்குத்தான் குறி மட்டுமே தெரிந்தது. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நாம் அர்ஜுனனுடைய கண்ணையே மெச்சுகிறோம். துரோணருடைய கண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நூற்றைந்து ராஜகுமாரர்களுக்கு நடுவே வில்லாளி இன்னான் என்று கண்டுகொண்ட கண் அல்லவா அது? ஆனால் காட்டில் தன்னந்தனியே பழகிக் கொண்டிருந்த ஏகலைவன் அந்தக் கண்ணில் வெகு நாள் படவில்லை. பட்ட பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் நம் மனம் வேதனைப்படுகிறது.

இத்தகைய கண்ணுக்கு இன்று அமெரிக்க தேசத்தில் மிகுந்த மதிப்பு உண்டு. வில்வித்தைக்காக அல்ல, ஹைஸ்கூல் மாணவிகளின் கூடைப் பந்துக்காக. சர்வகலாசாலைகளின் பயிற்சி ஆசிரியர்களும் அவர்களுடைய உதவியாளர்களும் ஊர் ஊராகச் சென்று, பதினைந்து பதினாறு வயதுப் பெண்கள் பந்தாடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து குறி தவறாமல் பந்தை வளையத்துக்குள் போடும் பெண் எங்கே இருக்கிறாள் என்பதே அவர்களுடைய தேட்டம்.

பெண் பார்க்கும் படலம்

நம் ஊரில் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்களாவது பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு நாலு வார்த்தை பேசலாம். இவர்களுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. வருஷத்தில் சில நாட்கள் ஆட்டத்தைப் பார்க்கலாம். ஆனால் அங்கே பெண்ணிடமோ பெற்றோரிடமோ போய்ப் பேசக் கூடாது என்பது கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதி. ஆகையால், தங்கள் கல்லூரியின் பெயர் பொறித்த சட்டையை அணிந்து, பெண்ணின் கண்ணில் படும்படியான இடமாகப் பார்த்து அமர்ந்துகொள்கிறார்கள். அவர்கள் கவனிப்பது நிறத்தையும் நகையையும் அல்ல; மணிக்கட்டையும் பாதத்தையும்.

இது வெறும் வேடிக்கை அன்று. தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்ணுக்குக் கல்லூரிச் சம்பளம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாவற்றுக்கும் உபகாரச் சம்பளம் கிடைக்கக்கூடும். அந்தத் தேசத்தில் நாலு வருஷக் கல்லூரிப் படிப்பு ஒரு நடுத்தரக் குடும்பத்தைக் கடனாளியாக்கிவிடும். காலரியில் மௌனமாக உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரின் அபிப்பிராயம் ஒரு பெண்ணின் வாழ்க்கையையே திருப்பிவிடுகிறது.

அவர்கள் என்ன பார்க்கிறார்கள்?

வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கிறது. அதன் குறுக்களவு 18 அங்குலம். பெண்கள் ஆடும் பந்தின் சுற்றளவு 28½ அங்குலம். குறுக்களவு 9 அங்குலத்துக்குச் சற்று அதிகம். வளையம் பந்தைப் போல் இரு மடங்கு இருக்கிறதே, இதில் என்ன கஷ்டம் என்று தோன்றலாம். பந்து நேர் மேலிருந்து விழுந்தால் அது சரி. சாய்ந்து வரும் பந்துக்கோ வளையம் குறுகிவிடுகிறது. 45 டிகிரி சாய்வில் வரும் பந்துக்குத் திறந்திருக்கும் வாசல் சுமார் 12¾ அங்குலந்தான். 30 டிகிரியில் வந்தால் 9 அங்குலம். அதாவது இரும்பைத் தொடாமல் பந்து நுழையவே முடியாது. ஹைஸ்கூல் ஆட்டத்தில் 19 அடி 9 அங்குலத்துக்கு அப்பாலிருந்து எறிந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி. அவ்வளவு தூரத்திலிருந்து பந்தை உயர்ந்த வளைவில் அனுப்பக் கைப்பலம் மட்டும் போதாது. காலிலிருந்து பலம் கிளம்ப வேண்டும். அதனால்தான் தேர்ந்த கண் முதலில் பாதத்தைப் பார்க்கிறது.

பிறகு, தவறிய பந்துகளைப் பார்க்கிறது. முன்னே விழுந்தாலும் பின்னே விழுந்தாலும் பெரிய குற்றமில்லை. பலத்தின் அளவைத் திருத்திக் கொள்ளலாம். இடமும் வலமுமாகச் சிதறினால் குறியே கோணல் என்று பொருள். அதைத் திருத்துவது கடினம். பதினைந்து அடியிலிருந்து யாரும் மறிக்காமல் எறியும் தண்டனை எறிகள் எத்தனை உள்ளே போகின்றன என்று கணக்கெடுக்கிறார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில், கால் சோர்ந்த பிறகு, எறியும் முறை மாறுகிறதா என்று கவனிக்கிறார்கள். நல்ல இடத்தில் நிற்கும் தோழிக்குப் பந்தைக் கொடுக்கிறாளா, தானே எறிந்து தீர்க்கிறாளா என்று பார்க்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்தடுத்து மூன்று பந்து தவறிய பின் நாலாவது பந்தை எறிய அவளுக்கு மனம் வருகிறதா? புள்ளிக் கணக்குப் புஸ்தகத்தில் எழுதப்படாதது அது ஒன்றுதான். அதைத் தெரிந்துகொள்ளவே அத்தனை தூரம் காரில் வருகிறார்கள்.

அயோவாவின் பெண்

அமெரிக்காவின் நடுவில் அயோவா என்று ஒரு மாநிலம். சோளமும் பன்றிப் பண்ணைகளும் நிறைந்த விவசாயச் சீமை. அதன் தலைநகரான டெமாயின் நகரத்தில் 2002-ஆம் ஆண்டில் பிறந்தவள் கெய்ட்லின் கிளார்க். சிறு வயதில் அவளுக்கேற்ற பெண்கள் குழு அகப்படாமையால் ஆண்பிள்ளைகளின் குழுவில் சேர்ந்து ஆடினாள். வீட்டு வாசலின் சிமெண்டுத் தரை மூன்று புள்ளிக் கோட்டுக்குப் போதவில்லை என்று, அவள் தந்தை புல்தரையைப் பெயர்த்துத் தளம் போட்டுக் கொடுத்தார்.

டௌலிங் கத்தோலிக்க ஹைஸ்கூலில் அவள் படித்துக் கொண்டிருந்த 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஒரே ஆட்டத்தில் 60 புள்ளிகள் எடுத்தாள். அவற்றில் 39 புள்ளிகள் மூன்று புள்ளிக் கோட்டுக்கு அப்பாலிருந்து எறிந்த 13 பந்துகளால் வந்தவை. அதற்கு முன்பே பெரிய சர்வகலாசாலைகள் பல அவளைக் கவனித்து வந்தன. கூடைப் பந்தில் புகழ் பெற்ற நோட்ரே டேமுக்கே போவாள் என்று தோன்றிற்று. வாய்ச் சொல்லும் கொடுத்திருந்தாள். ஆனால் 2019 நவம்பரில், சொந்த மாநிலத்தின் அயோவா சர்வகலாசாலையைத் தேர்ந்துகொண்டாள். அங்கே தலைமைப் பயிற்சி ஆசிரியை லிஸா ப்ளூடர் அம்மையாரும், உதவியாளர் ஜான் ஜென்ஸன் அம்மையாரும் அவளைச் சிறுமிப் பருவத்திலிருந்தே பார்த்து வந்தவர்கள். அவளுடைய குறியைப் போலவே குறைகளும் அவர்களுக்குத் தெரியும். கோபம் வந்தால் முகத்திலும் கையிலும் காட்டிவிடுவாள். அதை அடக்கப் பழக்கியதும் அவர்களே.

2024 பிப்ரவரி 15-ஆம் தேதி, முப்பதடிக்கு அப்பாலிருந்து எறிந்த ஒரு பந்தினால், கல்லூரிகளின் முதல் வகுப்பு மகளிர் ஆட்டத்தில் அதுவரை இருந்த மொத்தப் புள்ளிக் கணக்கை அவள் தாண்டினாள். மார்ச்சு மாதத்தில் ஆடவர் கணக்கையும் தாண்டினாள். கல்லூரி ஆட்டத்தை முடித்தபோது அவள் கணக்கில் 3,951 புள்ளிகள் இருந்தன. அந்த ஏப்ரலில், தொழில்முறைக் குழுக்கள் ஆட்டக்காரிகளைத் தெரிந்தெடுத்தபோது, இந்தியானா குழு அவளை முதலாவதாக எடுத்துக்கொண்டது.

பாட்டியின் சொத்து

இப்படிப்பட்ட பெண் அயோவாவில் தோன்றியது தற்செயலா? ஜென்ஸன் அம்மையாரின் குடும்பக் கதை இதற்கு விடை சொல்லும். 1987-ஆம் ஆண்டில், ஹைஸ்கூல் மாணவியாக, ஆட்டத்துக்குச் சராசரி 66 புள்ளி எடுத்தவர் அவர். அவருடைய பாட்டியோ, 1921-ஆம் ஆண்டில் மாநிலப் போட்டியை வென்ற ஆடுபான் ஊர்ப் பள்ளிக் குழுவில் ஆடியவர்!

பந்தாட்டம் பெண்களுக்கு ஆகாது என்று 1925-ஆம் ஆண்டில் அந்த மாநிலப் பள்ளிச் சங்கத்தார் தீர்மானித்தார்கள். சிற்றூர்ப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் சிலர் அதற்கு இணங்கவில்லை. பெண்கள் விளையாட்டுக்கென்றே தனிச் சங்கம் கண்டார்கள். அவர்கள் நடத்திய ஆட்டம் சற்று விசித்திரமானது. பக்கத்துக்கு ஆறு பேர். மூவர் எறிய, மூவர் தடுக்க. யாரும் பாதி மைதானத்தைத் தாண்டக் கூடாது. பந்தை இரண்டு தரத்துக்கு மேல் தட்டக் கூடாது. பெண்களின் உடம்பு தாங்காது என்று எண்ணி வகுத்த விதிகள் அவை. ஆயினும் மாநிலப் போட்டிக்குப் பதினாயிரக் கணக்கில் ஜனங்கள் கூடினார்கள். பெண் பிள்ளை ஆடுவதை ஊரே திரண்டு பார்ப்பது அங்கே தேர்த் திருவிழாவைப் போல ஆகிவிட்டது. இந்த ஆறு பேர் ஆட்டம் 1993-ஆம் ஆண்டு வரை நடந்தது.

அந்த மேடையிலும் ஏகலைவன் கதை நடந்ததுண்டு. 1968-ஆம் ஆண்டு இறுதிப் போட்டியில் டெனிஸ் லாங் என்ற பெண் 64 புள்ளி எடுத்துத் தன் பள்ளியை வெல்லச் செய்தாள். அடுத்த ஆண்டு ஸான் பிரான்ஸிஸ்கோவின் ஆடவர் தொழிற்குழு அவள் பெயரைத் தன் ஜாபிதாவில் சேர்த்தது. சங்கம் அது செல்லாது என்று தள்ளிவிட்டது. அவளைக் காணாதவர் இல்லை. ஆனால் அவள் போவதற்குப் பாதை இல்லை. சர்க்கார் பணம் பெறும் கல்விச் சாலைகளில் பெண் என்பதற்காக வேற்றுமை காட்டக் கூடாது என்ற சட்டம் 1972-ஆம் ஆண்டில்தான் வந்தது. கல்லூரிகள் பெண்களுக்கு விளையாட்டு உபகாரச் சம்பளம் கொடுக்கவும், அதற்காகப் பெண்களைத் தேடி ஊர் ஊராகப் போகவும் தொடங்கியது அதன் பிறகே. பார்க்கும் கண் மட்டும் போதாது. பார்த்த பின் கொண்டுசேர்க்க ஒரு வழியும் வேண்டும்.

நம் வீட்டுக் காலரி

கூடைப் பந்தை 1891-ஆம் ஆண்டில் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், ஒய்.எம்.ஸி.ஏ. பயிற்சிப் பள்ளியின் உபாத்தியாயர். 1893-ஆம் ஆண்டில் ஸ்மித் கல்லூரிப் பெண்கள் முதன்முதலாகப் போட்டி ஆடியபோது, அதைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதி இல்லை. 2024-ஆம் ஆண்டில் அயோவாப் பெண்கள் கல்லூரி இறுதிப் போட்டி ஆடியபோது, தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கு மேல். அந்த ஆண்டு ஆடவர் இறுதிப் போட்டியைப் பார்த்தவர்களைவிட அதிகம். அன்று அயோவா தோற்றது. கூட்டம் கூடியதை யாரும் மறக்கவில்லை.

அதே ஒய்.எம்.ஸி.ஏ. 1920-ஆம் ஆண்டில் நம் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரி கண்டது. சென்னைப் பெண்ணான அனிதா பால்துரை இந்திய மகளிர் கூடைப் பந்துக் குழுவுக்குத் தலைமை வகித்து, 2021-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார். குறி பார்க்கத் தெரிந்த பெண்கள் நம் தேசத்தில் இல்லாமல் இல்லை.

நம் தெருக்கோடிப் பெண்கள் பள்ளிக்கூடத்தின் பின்புறத்தில் ஒரு கம்பமும் வளையமும் நின்றுகொண்டிருக்கலாம். மணி அடித்த பிறகு, துணிப் பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, ஒரு பெண் திரும்பத் திரும்பப் பந்தை எறிந்துகொண்டிருக்கலாம். "இருட்டுகிறது, வீட்டுக்கு வா" என்று கூப்பிடத்தான் நாம் அங்கே போகிறோம். ஒரு நாள் சற்று முன்னதாகப் போய், திண்ணையில் உட்கார்ந்து, அவள் எறிவதைப் பார்ப்போமே! துரோணரைப் போலப் பார்க்கத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. யாரோ பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தால் போதும்; அடுத்த பந்தை இன்னும் சற்றுத் தூரத்திலிருந்து எறிவாள்.