ஜனம்சாக்கி: சாட்சியும் வரலாறும்

குரு நானக்கின் (1469–1539) வாழ்வைக் கூறும் பஞ்சாபி உரைநடை நூல்கள் ஜனம்சாக்கி எனப்படும். ‘ஜனம்’ பிறப்பு, ‘சாக்கி’ வடமொழிச் ‘சாக்ஷி’யின் வழி வந்தது. தமிழில் ‘சாட்சி’ என வழங்குவதும் அச்சொல்லே. எனினும் பஞ்சாபியில் அது குருவைப் பற்றிய தனி நிகழ்ச்சிக் கதையையும் குறிக்கும். தமிழ்ச் ‘சாட்சி’க்கும் இரு நிலைகள் உண்டு. வழக்குமன்றச் சாட்சி கண்டதைச் சொல்வது. கிறித்தவ வழக்கில் சாட்சி சொல்லுதல் நம்பியதை அறிக்கையிடுவது. ஜனம்சாக்கியை இவற்றுள் எந்தச் சாட்சியாகக் கொள்வது என்பதே சீக்கிய வரலாற்றாய்வில் எழுந்த பூசலின் கரு எனலாம்.

1877இல் எர்னஸ்ட் டிரம்ப் தம் ஆதி கிரந்த மொழிபெயர்ப்புடன் ஜனம்சாக்கியையும் ஆங்கிலத்தில் தந்தார். அவரது ஏளனத் தொனி சீக்கியரைப் புண்படுத்தியது. 1909இல் ஆறு தொகுதிகள் வெளியிட்ட மெக்காலிஃப் மரபறிஞர்களைக் கலந்து, மரபுக்கு இசைய எழுதினார். 1968இல் டபிள்யூ. எச். மெக்லியாட் ஒவ்வொரு சாக்கியையும் உறுதியானது, நிகழ்ந்திருக்கக்கூடியது, இயலக்கூடியது, ஐயத்திற்குரியது, இயலாதது என ஐவகைப்படுத்தினார். ஏற்கத்தக்கனவாக எஞ்சியவை சிலவே. அவர் கிறித்தவச் சமயப்பணி ஆசிரியராகப் பஞ்சாபுக்கு வந்தவர் என்பது எதிர்ப்பைக் கூர்மையாக்கியது.

ஆயினும் திறனாய்வு நோக்கு வெளியிலிருந்தே வந்தது என்பது பொருந்தாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வரலாற்றறிஞர் கரம் சிங் ‘கத்தக் கி விசாக்’ என்னும் நூலில் நானக் பிறந்த மாதத்தை ஆராய்ந்து, கத்தக் மாதம் கூறும் பாலா ஜனம்சாக்கியின் நம்பகத்தன்மையை மறுத்தார். குருவின் உடன்சென்றவராக அந்நூல் காட்டும் பாலாவின் பெயர், பாய் குர்தாஸ் தரும் சீடர் பட்டியலில் இல்லை. தலைப்பிலுள்ள ‘கி’ ‘அல்லது’ எனப் பொருள்படும். இதனைக் ‘கார்த்திகையா வைகாசியா’ என ஒலியொப்புமை கொண்டு பெயர்ப்பது பிழை. ஞாயிற்று முறையில் பஞ்சாபி விசாக் தமிழ்ச் சித்திரைக்கு நிகர். பிற ஜனம்சாக்கிகள் பல சுட்டுவது அம்மாதத்தையே.

மொழியியலார் கருதத்தக்க சான்று சஜ்ஜன் கதை. விருந்தோம்புவான் போல் நடித்து வழிப்போக்கரைக் கொன்ற சஜ்ஜன் என்பான், குரு பாடிய பாடலால் திருந்தினான் என்பர். ஆதி கிரந்தத்தில் சூஹி இராகத்தில் அமைந்த அப்பாடலில் ‘சஜ்ஜன்’ என்பது நண்பனைக் குறிக்கும் பொதுப்பெயர். கதையில் அது இயற்பெயராகிறது. பாடலுக்குச் சூழல் தேடிய மரபு சொல்லிலிருந்து ஆளைப் படைத்திருத்தல் கூடும். குறுந்தொகையில் பாடற்றொடரே செம்புலப்பெயல்நீரார் எனப் புலவர் பெயரானது ஒப்புநோக்கத்தக்கது. ஆனால் அங்குப் பெயர் மட்டும் பிறந்தது; இங்கு வரலாறே பிறந்துள்ளது. இதனைப் பொய் என ஒதுக்குதல் ஆய்வாகாது. பாடலை அக்காலத்தார் எவ்வாறு பொருள்கொண்டனர் என்பதற்குக் கதையே முதன்மைச் சான்று. மெக்லியாடும் 1980இல் எழுதிய நூலில் ஜனம்சாக்கிகளை அவற்றை உருவாக்கிய சமூகத்தின் சான்றுகளாக ஆராய்ந்தார். முந்தைய ஐவகைப் பகுப்பினும் இதுவே பயன்மிக்கது.

ஆகவே மொழிபெயர்ப்பாளர் இதனைப் ‘புராணம்’ என்றால் கற்பனை என்றும், ‘வரலாறு’ என்றால் நிகழ்ந்தது என்றும் முன்தீர்ப்பு வழங்கியவராவர். பெரியபுராணத்தைக் கற்ற தமிழருக்கும் இன்று ‘புராணம்’ அவ்வாறே ஒலிக்கிறது. ‘ஜனம்சாக்கி’ என்றே நிறுத்தி விளக்குவது தக்கது.

ஆய்வு நூலின் பாடத்தை அணுகியபோது பூசல் மேலும் கடுமையாயிற்று. 1991இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஆதி கிரந்தப் பாடம் குறித்து ஆய்வேடு அளித்த பஷௌரா சிங், 1994இல் அகால் தக்த் முன் விளக்கமளிக்க நேர்ந்தது. பிறந்தநாள் வழக்கோ வேறு வகையில் நின்றுவிட்டது. 2003இல் நடைமுறைக்கு வந்த நானக்சாஹி நாட்காட்டி குருமார் நாள்கள் பலவற்றை ஞாயிற்று முறையில் நிலைப்படுத்தியபோதும், நானக்கின் நாளை மட்டும் கத்தக் முழுநிலவிலேயே விட்டுவைத்தது.