டர்போவைக் கழற்றுமுன்

டீசல் கார் மேட்டில் இழுக்கவில்லை, பிக்கப் இல்லை என்று கொண்டுபோய் விட்டால், பல பட்டறைகளில் பானெட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடும்: "டர்போ போயிடுச்சு சார்." போவதும் உண்டுதான். ஆனால் அதைக் கடைசியாகச் சந்தேகப்பட்டால் போதும்.

இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை டர்பைனைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரசர், காற்றை அழுத்தி இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்குள் தள்ளுகிறது. அந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். ஸ்கேனரில் பி0299 வந்தால் பூஸ்ட் குறைவு, பி0234 வந்தால் அதிகம். எந்தப் பாகம் கெட்டது என்று அந்தக் கோட் சொல்லாது.

முதலில் சென்சாரை நம்பலாமா என்று பாருங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால், மேனிஃபோல்டு பிரஷர் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னையில் சுமார் 100 கிலோபாஸ்கல். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் 77, 78. சென்னையில் நிற்கும் கார் 80 காட்டினால் சென்சாரில் கரி படிந்திருக்கலாம், ஒயரிங்கிலும் கோளாறு இருக்கலாம். இந்தக் கணக்கில் வெளிக்காற்றும் சேர்ந்திருப்பதை மறந்துவிடக் கூடாது: ஓட்டும்போது 200 காட்டினால் பூஸ்ட் 100தான்.

அடுத்து ஹோஸ். பொறுமையாக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஓடும் ரப்பர் ஹோஸில் கீறல் விழுந்தால், ஐடிலில் ஒன்றுமே தெரியாது. மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போதுதான் கீறல் வாய் திறக்கும். 'உஸ்'ஸென்று ஒரு சத்தம், பின்னால் கரும்புகை. கீறல் அடிப்பக்கத்தில் இருந்தால் மேலிருந்து பார்ப்பவர் கண்ணில் படாது. இன்ஜின் ஆறியதும் விரலை அடியில் விட்டுத் தடவிப் பாருங்கள். ஹோஸின் உள்ளே லேசான எண்ணெய்ப் பசை சகஜம். கிளாம்ப் ஓரத்தில் வெளியே ஈரம் கசிந்து தூசி அப்பியிருந்தால் அங்கே காற்று போகிறது. சந்தேகம் தீரவில்லையென்றால் ஹோஸின் முனையை அடைத்து, குறைந்த அழுத்தத்தில் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

இனி உங்கள் காரில் எந்த வகை டர்போ என்பதைப் பொறுத்தது. சுவிஃப்ட்டில் வந்த 75 குதிரைத்திறன் கொண்ட 1.3 லிட்டர் டீசலில் சாதாரண டர்போ. அதே 1,248 சிசி இன்ஜின் எர்டிகாவில் 90 குதிரைத்திறனுடன், விஜிடி டர்போவோடு, அதாவது புகையின் பாதையை மாற்ற நகரும் இறக்கைகள் கொண்ட டர்போவோடு வந்தது. (2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே சுணங்குவது இந்த இன்ஜினின் சுபாவம், அதற்கு வைத்தியம் தேடாதீர்கள்.) வேக்குவத்தில் இயங்கும் விஜிடி என்றால், ஒருவர் ஸ்டார்ட் செய்ய, இன்னொருவர் ஆக்சுவேட்டர் கம்பியைக் கவனிக்க வேண்டும். கம்பி அசையவில்லையா? பென்சில் கனமுள்ள வேக்குவம் டியூபையும் சொலினாய்டையும் பாருங்கள். மேட்டில் திடீரென்று சக்தி செத்து, அணைத்துப் போட்டதும் சரியாகிறது, கூடவே பி0234 என்றால், உள்ளே இருக்கும் அந்த நகரும் இறக்கைகள் கரியில் சிக்குகின்றன என்று சந்தேகிக்கலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் டர்போவின் தண்டைப் பிடித்து ஆட்ட வேண்டும். பக்கவாட்டில் இம்மி ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் கையில் தட்டுப்படுகிற அளவு ஆடினாலோ, தண்டோடு சுழலும் இறக்கை சுவரில் உரசியிருந்தாலோ மெக்கானிக் சொன்னது சரி. அப்போதும் ஆயில் வரும் குழாயைக் கழற்றி அடைப்பு பார்க்கச் சொல்லுங்கள். பழையது எண்ணெய் கிடைக்காமல் செத்திருந்தால் புதியதற்கும் அதே கதிதான்.