திண்ணைக்கு ஒரு கையெழுத்து

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில், ஆதி அருணாசலேஸ்வரர் கோயிலைத் தாண்டி உள்ளே திரும்பும் ஒரு சந்தில் அந்த வீடு இருக்கிறது. நாட்டு ஓடு, நீல வாசக்கால், காவிப் பட்டை அடித்த திண்ணை, ஓட்டுக்கு மேலே எட்டிப் பார்க்கும் மலை. ஒரு நாள் விடிகாலையில் எடுத்த படத்தை ஸ்டாக் போட்டோ விற்கும் நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் திரும்பி வந்தது. ‘ப்ராப்பர்ட்டி ரிலீஸ் இணைக்கவும்’ என்று ஒரு வரி.

ப்ராப்பர்ட்டி ரிலீஸ் என்பது சொத்துக்காரர் தரும் ஒப்புதல் கடிதம். செய்தி, கட்டுரை, பாடநூல் போன்றவற்றில் அச்சாகும் படத்துக்குப் பொதுவாக இது தேவையில்லை. அதே படம் சிமென்ட் விளம்பரத்திலோ ரியல் எஸ்டேட் பேனரிலோ வரப்போகிறது என்றால், வீட்டுக்காரர் சம்மதித்தாரா என்று கேட்பார்கள். கெட்டி இமேஜஸ், ஷட்டர்ஸ்டாக், அலமி எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

நம் நாட்டுச் சட்டம் இதில் தாராளமானது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவு, கட்டடத்தைப் படமெடுக்கவும் அதை வெளியிடவும் அனுமதிக்கிறது. பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்துக்கும் அதே சலுகை உண்டு. ஆனால் சுவரில் தீட்டிய ஓவியம் அந்தச் சலுகைக்குள் வராது. கிரிவலப் பாதையில் படமெடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டீக்கடையைப் பிரேமுக்குள் கொண்டுவந்தால் சுவரில் யாரோ ஓவியர் வரைந்த நந்தியும் கூடவே வந்துவிடும். பக்கத்தில் ரமணரின் படம் மாட்டியிருக்கும், 1946இல் ஜி.ஜி. வெல்லிங் எடுத்த அந்த முகம் இந்த ஊரில் எங்கும் உண்டு. படத்துக்குள் இருக்கும் இன்னொருவர் படத்துக்கும் உரிமைக் கேள்வி தனியாக எழும். வாங்குபவர் எந்த நாட்டிலும் இருக்கலாம் என்பதால் நிறுவனங்கள் நம் சட்டத்தோடு நிற்பதில்லை. பாரிஸில் ஈபிள் கோபுரத்தின் இரவு விளக்கு அலங்காரத்துக்குப் பதிப்புரிமை இருக்கிறது. மும்பை தாஜ் மகால் பேலஸ் ஹோட்டல் 2017இல் தன் கட்டடத் தோற்றத்தையே வணிக முத்திரையாகப் பதிவு செய்துகொண்டது.

வீட்டுக்கு வீட்டுக்காரர். கோயிலுக்கு? 1925இல் பிரிவி கவுன்சில், இந்து வழிபாட்டு மூர்த்தியைச் சொத்துரிமை உள்ள சட்ட நபராக ஏற்றுத் தீர்ப்பளித்தது. அதன்படி அண்ணாமலையார்தான் சொத்துக்காரர். அவர் சார்பில் முடிவெடுப்பது நிர்வாகம். அறநிலையத் துறைக் கோயில் என்றால் அதன் அதிகாரி. திருவண்ணாமலையில் இது ஏட்டுக் கேள்வி அல்ல. 2002இல் அண்ணாமலையார் கோயிலைத் தொல்லியல் துறை தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தபோது ஊரே எதிர்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கோயில் அறநிலையத் துறையிடமே திரும்பியது. சந்நிதிக்குள் படம் என்ற பேச்சுக்கே இப்போது இடமில்லை. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழகக் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொன்னது. அது சரியான உத்தரவு என்றே நினைக்கிறேன். மலைக்கு மட்டும் இதுவரை யாரும் என்னிடம் படிவம் கேட்டதில்லை.

படிவத்தை அச்செடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். வீட்டுக்கார ஆயா திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“இன்னா தம்பி இது? கையெழுத்துப் போட்டா வூடு போயிடுமா?”

கிரிவலப் பாதையில் நிலத்தின் விலை ஏறிக்கிடக்கிறது. புரோக்கர்கள் நடமாடும் ஊர். இந்தக் கேள்வியைக் கேட்டவரை நான் மதிக்கிறேன். இங்கிலீஷ் காகிதத்தை நீட்டி “இங்க போடுங்க ஆயா” என்று சொல்வதை வழக்கமாக வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தவறு. கீழே உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் சொன்னேன். வீடு உங்களுடையதுதான், அதில் மாற்றமில்லை. இந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் விலைக்கு வாங்கி விளம்பரத்தில் போடலாம். எதற்கு விளம்பரம் என்று அவர்கள் உங்களைக் கேட்க மாட்டார்கள். பிறகு வேண்டாம் என்றால் திரும்பப் பெற முடியாது. விற்றால் எனக்குக் காசு வரும். அதில் உங்களுக்கு எவ்வளவு என்பதை இப்போதே பேசிக்கொள்வோம்.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் கீரையைக் கீழே வைத்தார்.

நிரப்புவது கடினமில்லை. வீட்டின் முகவரி, அடையாளம், படமெடுத்த தேதி, கையெழுத்திட்ட தேதி, என் பெயர், அவர் பெயர், சில நிறுவனங்களுக்குச் சாட்சிக் கையெழுத்து. எந்த வீடு என்று பின்னால் குழப்பம் வராமலிருக்கப் படத்தின் சிறு பிரதியையும் ஒட்டிவிடுவேன். ஸ்கேன் செய்யும்போது ஓரம் வெட்டுப்படக் கூடாது. ஆயா முகம் தெரிய ஒரு படம் எடுத்தால் அதற்கு மாடல் ரிலீஸ் தனி; வீட்டுக்கான படிவம் மனிதருக்குச் செல்லாது.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. பட்டா யார் பேரில் என்று கேட்டேன். “அவரு பேர்லதாம்பா இருக்கு. அவரு போயி ஆறு வருசமாச்சு.” ஆயாவுக்கு இரண்டு மகன்கள். பெரியவர் செங்கத்தில், சின்னவர் பெங்களூரில்.

ஆயா ஒருவர் கையெழுத்தை வைத்தே படத்தை அனுப்பியிருக்கலாம். நிறுவனம் பட்டா கேட்கப்போவதில்லை. ஆனால் ‘இதில் ஒப்பமிட எனக்கு முழு அதிகாரம் உண்டு’ என்ற வரி அந்தப் படிவத்தில் இருக்கிறது. அதைச் சொல்வது நான் அல்ல, ஆயா. நாளை பங்காளித் தகராறு வந்தால் என் படத்துக்காக அவர் போட்ட கையெழுத்து அவருக்கு எதிராகவே பேசும். மூன்று பேர் பெயரும் எழுதி மூன்று கோடு இழுத்தேன். ஆயா பொறுமையாகத் தன் பெயரை எழுதினார். பெரியவர் அடுத்த ஞாயிறு வந்து போட்டார்.

மூன்றாவது கோடு காலியாக இருக்கிறது. படத்தை இப்போதைக்குச் செய்தி, கட்டுரைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று குறித்து ஏற்றியிருக்கிறேன். பிரேம் போட்ட பிரதி ஒன்றை ஆயாவிடம் கொடுத்தபோது, “சின்னவன் தீபத்துக்கு வருவான், அப்ப காயிதத்த எடுத்தா” என்றார்.