குருதி நோயும் சுப்பாராவ் ஆராய்ச்சியும்

கயத்தாற்றைச் சூழ்ந்த கரிசற் சிற்றூர்களில் ஒரு குழந்தையின் முகம் வெளிறக் கண்டால், வீட்டிலுள்ள பெரியோர் 'இரத்தம் பத்தாது' என்று சொல்லி, முருங்கைக்கீரையும் கம்பங்கூழும் பயறும் மிகுதியாகக் கொடுப்பது வழக்கம். இவ்வழக்கம் பெரும்பாலும் நன்மையே தருவது. ஆயினும், வெளிறல் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. ஊட்டம் குறைந்தமையால் வரும் வெளிறலும் உண்டு. குருதியின் பிறப்பிடத்திலேயே கேடு புகுந்தமையால் வரும் வெளிறலும் உண்டு. முன்னதை ஆக்கிக் காக்கும் பொருளை ஆராய்ந்து சென்ற அறிஞர் ஒருவர், அதன் வாயிலாகவே பின்னதை அடக்கும் மருந்துக்கு வழி கண்டார். சென்னையில் மருத்துவம் பயின்ற அவர் டாக்டர் எல்லப்ரகட சுப்பாராவ். அவர்தம் ஆராய்ச்சியை நம் கல்லூரி அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குருதி, எலும்பின் உள்ளே இருக்கும் மச்சையில் உண்டாகிறது. உயிர்க்காற்றைச் சுமக்கும் சிவப்பணுக்கள், நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள், காயம் பட்ட இடத்தில் குருதியை உறையச் செய்யும் தட்டணுக்கள் ஆகிய மூன்றும் அங்கேயே பிறக்கின்றன. இரத்தப் புற்றுநோய் அல்லது லுகேமியா என்னும் நோயில், முதிர்ச்சியடையாத வெள்ளணுக்கள் கணக்கின்றிப் பெருகி மச்சையை அடைத்துக்கொள்கின்றன. பருத்திப் புஞ்சையில் களை மண்டினால் செடிக்கு இடமும் எருவும் இல்லாது போவதுபோல, நல்ல அணுக்களுக்கு அங்கே இடமில்லாது போகிறது. சிவப்பணு குறைவதால் வெளிறலும், நல்ல வெள்ளணு குறைவதால் ஓயாத காய்ச்சலும், தட்டணு குறைவதால் ஈறுகளில் இரத்தக் கசிவும் தோலில் நீலத் தடிப்புகளும் தோன்றுகின்றன. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களுள் இதுவே மிகுதியானது. 1947ஆம் ஆண்டுக்கு முன்னர், கடுமையான வகை லுகேமியா கண்ட குழந்தைகள் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ இறந்துபோயினர்.

இந்நோய்க்கு மருந்து கண்ட வரலாறு, முற்றிலும் வேறான ஒரு நோயின் ஆராய்ச்சியில் தொடங்குகிறது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவ அம்மையார் 1928ஆம் ஆண்டில் பம்பாய்க்கு வந்து, கருவுற்ற ஏழைப் பெண்களை வருத்திய ஒருவகைச் சோகையை ஆராய்ந்தார். நீலகிரியிலுள்ள குன்னூரிலும் அவர் சில காலம் தங்கிச் சோதனைகள் நடத்தினார். ஈஸ்ட் என்னும் நுண்காளானிலிருந்து வடித்த சாறு இச்சோகையை நீக்குவதை 1931ஆம் ஆண்டில் வெளியிட்டார். அச்சாற்றில் குருதியை ஆக்கும் பொருள் ஏதோ ஒன்று உளது என்பது புலனாயிற்று. பத்தாண்டுகளுக்குப் பின்னர், 1941ஆம் ஆண்டில், அமெரிக்க அறிஞர் மூவர் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, இலத்தீன் மொழியில் இலையைக் குறிக்கும் சொல்லால் அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். கீரை கொடுத்தால் இரத்தம் ஊறும் என்னும் நம் பெரியோர் கூற்றுக்கு இவ்விலைப்பொருளும் ஒரு சான்றாகும்.

இப்பொருளைத் தொழிற்சாலையில் ஆக்கும் வழி கண்ட குழுவின் தலைவரே சுப்பாராவ். அவர் 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் பிறந்தார். பள்ளி இறுதித் தேர்வில் மூன்றாம் முறையே தேறினார். சென்னை மாநிலக் கல்லூரியிலும் மருத்துவக் கல்லூரியிலும் பயின்றபொழுது, காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவைக்கூடத்திலும் கதராடையே அணிந்தார். அதனால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, உயர்ந்த பட்டம் கிட்டாமல் அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே பெற்றார். உடன்பிறந்தார் இருவரை ஸ்ப்ரூ என்னும் கொடிய வயிற்று நோய்க்குப் பறிகொடுத்தார். அந்நோய் அவரையும் பற்றியது. உணவின் சத்து உடலில் சேராமற் போய்ச் சோகையில் முடிவது அந்நோயின் இயல்பு. ஃபோலிக் அமிலமே பிற்காலத்தில் அந்நோய்க்கு மருந்தாயிற்று என்பதை நோக்கும்பொழுது, தம் இல்லத்தில் புகுந்த துன்பத்தையே அவர் வாழ்நாள் முழுவதும் துரத்திச் சென்றார் போலும் என்று நமக்குத் தோன்றுகிறது.

1922ஆம் ஆண்டில் அவர் அமெரிக்கா சென்று, மருத்துவமனையில் இரவுப் பணியாளாக உழைத்துக்கொண்டே ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் கற்றார். உடலிலுள்ள பாஸ்பரசை அளக்கும் முறையைப் பேராசிரியர் ஃபிஸ்க் என்பாருடன் 1925ஆம் ஆண்டில் வகுத்தார். தசைகளுக்கு ஆற்றல் தரும் பொருள்களைப் பற்றியும் அவ்விருவரும் ஆராய்ந்தனர். இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி கிட்டவில்லை. 1940ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்துப் பேர்ள் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி மருந்து நிலையத்தை அடைந்து, அதன் ஆராய்ச்சித் தலைவராயினார். அங்கே அவர் குழுவினர் 1945ஆம் ஆண்டில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கி முடித்தனர்.

இனி வருவதே இவ்வரலாற்றின் திருப்பமாகும். பாஸ்டன் நகரில் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், குருதியை ஆக்கும் பொருளாயிற்றே என்று கருதி, ஃபோலிக் அமிலத்தையும் அதன் இனப் பொருள்களையும் லுகேமியா கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, முன்னினும் விரைந்து பெருகிற்று. பயிருக்கு இட்ட எருவைக் களையும் உண்டு செழித்தது. எருவினால் களை செழிக்குமாயின், அவ்வெருவைத் தடுத்தால் களை வாடுமன்றோ என்பது அவருடைய அடுத்த எண்ணம். அதற்கு வேண்டிய தடைப்பொருள்களைச் சுப்பாராவின் குழுவினர் ஆக்கித் தந்தனர். அவற்றுள் சிறந்தது அமினாப்டெரின்.

அது செயற்படும் முறை எளிதில் விளங்கத்தக்கது. ஓர் அணு இரண்டாகப் பிரிவதற்கு முன், டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருளைப் புதிதாக ஆக்கிக்கொள்ளல் வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. அவ்வமிலத்தைப் பயன்படும் வடிவமாக மாற்றும் நொதி ஒன்று உண்டு. அந்நொதியைப் பூட்டாகவும் அமிலத்தைச் சாவியாகவும் கொள்வோம். அமினாப்டெரின், சாவியைப் போன்றே வார்த்த வேறொரு சாவி. அது பூட்டினுள் நுழையும், திரும்பாது, வெளியே வரவும் செய்யாது. உண்மைச் சாவி நுழைய இடமின்றிப் பூட்டு அடைபட்டுக் கிடக்க, விரைந்து பிரியும் நோயணுக்கள் பிரிய மாட்டாமல் மடிகின்றன.

1947ஆம் ஆண்டின் இறுதியில் இம்மருந்து முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தணிந்ததை ஃபார்பர் 1948ஆம் ஆண்டு சூன் மாதத்தில் வெளியிட்டார். அத்தணிவு நிலைக்கவில்லை, சில மாதங்களில் நோய் மீண்டது. எனினும், அடக்கவே இயலாது என்று கருதப்பட்ட நோய் மருந்துக்குப் பணிந்தது அதுவே முதன்முறை. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சுப்பாராவ் தம் 53ஆம் வயதில் காலமானார். அவர் விதைத்ததன் விளைச்சலை அவர் காணவில்லை.

அமினாப்டெரினின் இளைய உடன்பிறப்பாகிய மெத்தோட்ரெக்சேட்டு அதனிடத்தைப் பெற்றது. பிற மருந்துகள் பலவும் அதனுடன் சேர்க்கப்பட்டன. இன்று செல்வ நாடுகளில், குழந்தைகளை மிகுதியாகப் பற்றும் வகை லுகேமியாவில், பத்தில் ஒன்பதின்மர் அளவுக்குப் பிழைக்கின்றனர். நம் நாட்டில் 1984ஆம் ஆண்டு முதல், சென்னை அடையாற்றுப் புற்றுநோய் நிலையமும் பம்பாய், தில்லி மருத்துவமனைகளும் ஒரே மருத்துவ முறையை வகுத்துக்கொண்டு செயற்பட்டன. அடையாற்றில் அப்பணியை முன்னின்று நடத்தியவர், 2021ஆம் ஆண்டில் மறைந்த டாக்டர் வி. சாந்தா அம்மையார்.

இனி நம் கரிசற் சீமைக்கு வருவோம். கோரை முளைத்த நிலத்தை மேலாக உழுதால் தாள் அறும். கிழங்கு மண்ணுள் கிடந்து மறு மழைக்குத் துளிர்க்கும். இந்நோயும் அத்தகையதே. முதல் மாத மருந்திலேயே காய்ச்சல் நீங்கிக் குழந்தை ஓடியாடும், முகம் தெளியும். ஆயினும் மறைந்திருக்கும் நோயணுக்கள் அழிவதற்கு இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் மருந்து வேண்டும். விதைப்புக் காலமும் கூலி வேலையும் பேருந்துச் செலவும் முன்னிற்க, 'பிள்ளை தேறிவிட்டது' என்று பெற்றோர் இடையில் நிறுத்திவிடுவாராயின், மீண்டு வரும் நோய் முன்னினும் அடக்கற்கு அரியதாகிறது. இரத்தம் ஊறட்டும் என்று, மருத்துவரைக் கேளாமல் ஃபோலிக் அமிலம் கலந்த டானிக்கைக் கடையில் வாங்கிக் கொடுப்பதும் தகாது. அது மெத்தோட்ரெக்சேட்டின் வேலையைக் கெடுக்கலாம் என்பதை மேற்கூறிய பூட்டும் சாவியுமே விளக்கும்.

ஆதலின் நாம் செய்யத்தக்கவை சில உள. வெளிறலோடு விடாத காய்ச்சலோ, அடிபடாமலே தோன்றும் நீலத் தடிப்போ, எலும்பு வலியோ, கழுத்தில் நெறிகட்டுதலோ காணின், கீரையோடும் டானிக்கோடும் நில்லாது, கோவிற்பட்டியிலேனும் திருநெல்வேலியிலேனும் உள்ள அரசு மருத்துவமனையில் அணுக்களை எண்ணிப் பார்க்கச் செய்தல் வேண்டும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் இடமுண்டு என்பதை அறியாதார்க்கு அறிவித்தல் வேண்டும். மருத்துவம் தொடங்கிய வீட்டாரை, அது முடியுமளவும் ஊரார் தாங்குதல் வேண்டும். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் எவரும் செய்யத்தக்க பணிகள் இவை. மூன்றாம் முறை தேர்வெழுதித் தேறிய ஒரு மாணவர் உலகத்துக் குழந்தைகளுக்கு மருந்து தேடித் தந்தார். அம்மருந்து நம் ஊர்க் குழந்தையைக் கடைசி நாள் வரை சென்றடையச் செய்தல் நம்மால் இயலாததன்று.