கைத்துப்பாக்கி வாங்கினால் பாதுகாப்பு வந்துவிடுமா?

ஏதாவது ஒரு தாமானில் வீடு புகுந்து கொள்ளையடித்தார்கள் என்று செய்தி வந்தால் போதும். மறுநாள் என் வானொலி நிகழ்ச்சிக்கு அழைக்கும் நேயர்களில் ஒருவராவது இதைச் சொல்லிவிடுவார்: “அமெரிக்காவில் மாதிரி நம்ம வீட்டிலும் ஒரு துப்பாக்கி இருந்தால், எவன் கிட்ட வருவான்?”

பயத்தில் பிறந்த கோபம் அது. அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் அந்தப் பேச்சைப் பாதியில் விட்டுவிடாமல் கடைசிவரை யோசித்துப் பார்க்கலாமே! சட்டப்படி துப்பாக்கி வாங்க முடிந்த அமெரிக்காவில், தற்காப்புக்காக ஒன்றை வாங்கப் போகிறவர் எதையெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது? வாங்கிய பிறகு அவர் வீட்டில் என்ன நடக்கிறது?

கடையில் கிடைக்கும், ஆனாலும்...

உலகில் பொதுமக்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகளைக் கணக்கெடுத்த ஜெனிவா ஆய்வு நிறுவனம் ஒன்று, 2018இல் ஒரு கணக்கை வெளியிட்டது. அமெரிக்காவில் 100 பேருக்கு ஏறக்குறைய 120 துப்பாக்கிகள் இருக்கின்றன என்றது அந்தக் கணக்கு. ஆளைவிட ஆயுதம் அதிகம்! தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. பொது இடத்திலும் எடுத்துச் செல்லலாம் என்று 2022இல் இன்னொரு தீர்ப்பு வந்தது.

அதற்காக, போன உடனே எடுத்துக் கொடுத்துவிட மாட்டார்கள். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். வாங்குபவரின் குற்றப் பின்னணியையும் சோதிப்பார்கள். மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் மாறும்.

எதை எடுப்பது?

முதல் கேள்வி, வீட்டில் வைக்கவா, இடுப்பில் செருகிக்கொண்டு நடமாடவா என்பதுதான். சட்டைக்குள் மறைத்து வைக்கச் சின்னத் துப்பாக்கி வசதி. ஆனால் அதைச் சுடுவது கடினம். கனம் குறையக் குறைய, சுடும்போது கையைப் பின்னால் உதைக்கும் வேகம் கூடுகிறது. பிடிப்பதற்கு இடமும் குறைவு. கைப்பைக்கு ஏற்றது என்று பெண்களிடம் காட்டப்படும் குட்டித் துப்பாக்கி, புதிதாகப் பழகுகிறவருக்குத்தான் மிகவும் தொல்லை கொடுக்கும்.

அடுத்தது ரிவால்வரா, பிஸ்டலா? ரிவால்வரில் உருளையைச் சுற்றி ஐந்து அல்லது ஆறு தோட்டாக்கள் இருக்கும். இயக்குவது எளிது. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் போதும், அடுத்தது வந்துவிடும். ஆனால் அந்த விசையை இழுக்க ஏறத்தாழ 5 கிலோ விசை தேவைப்படும். அந்த இழுப்பிலேயே குறி விலகிப் போகும்.

தோட்டாப்பெட்டி செருகும் பிஸ்டலில் 10, 15, சிலவற்றில் 17 தோட்டாக்கள்கூடப் பிடிக்கும். ஆஸ்திரியாவில் 1980களின் தொடக்கத்தில் பிறந்த கிளாக் இந்த வகைதான். விசையும் பாதி அளவே கனம். ஆனால் மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்து முதல் தோட்டாவை ஏற்றக் கையில் வலு வேண்டும். மூட்டுவலி உள்ள பெரியவர்கள் இங்கேயே திணறுவார்கள். தோட்டா நடுவில் சிக்கிக்கொண்டால் அதை எடுக்கவும் பழகியிருக்க வேண்டும்.

அதனால்தான் நல்ல பயிற்றுநர்கள், “எது சிறந்த துப்பாக்கி?” என்ற கேள்விக்கு மாடல் பெயரைச் சொல்வதில்லை. கைக்கு அடங்குகிறதா, ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையைச் சரியாக எட்டுகிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்துவிட்டு வாங்கு என்கிறார்கள். காலணி வாங்கும்போது போட்டுப் பார்ப்பதில்லையா, அதுபோலத்தான்.

ஒரு தோட்டா சொன்ன பாடம்

1986 ஏப்ரல் 11. மியாமி நகரில் இரண்டு கொள்ளையர்களை எஃப்.பி.ஐ. அதிகாரிகள் எட்டுப் பேர் மடக்கினார்கள். துப்பாக்கிச் சண்டையின் தொடக்கத்திலேயே ஓர் அதிகாரியின் 9 எம்.எம். தோட்டா ஒரு கொள்ளையனின் கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போனது. ஆனால் இதயத்தை எட்டுவதற்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. உயிர் பிழைக்க முடியாத காயம்தான். ஆனாலும் அவன் விழவில்லை. தொடர்ந்து சுட்டான். இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள்.

குண்டு பட்டதும் ஆள் நாலடி தூரம் பறந்து விழுவதெல்லாம் சினிமாவில் மட்டும்தான். மூளை, தண்டுவடம் போன்ற இடங்களில் படாவிட்டால், ரத்தம் போய் உடல் தளரும்வரை ஒருவர் இயங்கிக்கொண்டே இருக்கலாம்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எஃப்.பி.ஐ. தோட்டாக்களைச் சோதிக்க ஒரு முறையை உருவாக்கியது. மனித தசையைப் போன்ற ஜெலட்டின் கட்டிக்குள் தோட்டா குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும், 18 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தடித்த துணி, பலகை, கார்க் கண்ணாடி ஆகியவற்றைத் துளைத்த பிறகும் இப்படியே இருக்க வேண்டும். இன்றும் தற்காப்புத் தோட்டாக்களை இந்த அளவுகோலில்தான் எடைபோடுகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 9 எம்.எம். போதாது என்று எஃப்.பி.ஐ. முதலில் 10 எம்.எம்.முக்கும், பிறகு 1990இல் அறிமுகமான பாயின்ட் 40 ரகத்துக்கும் போனது. 2010களின் நடுவில் மறுபடியும் 9 எம்.எம்.முக்கே திரும்பி வந்தது. தோட்டாக்களின் தயாரிப்பு அதற்குள் மேம்பட்டிருந்தது. உதைப்பு குறைவாக இருந்ததால் அதிகாரிகள் இன்னும் சரியாகக் குறிபார்த்துச் சுட்டார்கள். பெரிய தோட்டா தவறிப்போவதைவிடச் சின்னது சரியான இடத்தில் படுவது மேல் என்பதுதான் அவர்கள் கண்ட முடிவு.

கல்கத்தாவில் பிறந்த பெயர்

தோட்டாவிலும் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. முழுவதும் உலோக உறை போட்ட உருண்டை மூக்குத் தோட்டா மலிவு, பயிற்சிக்கு நல்லது. ஆனால் அது ஒரு உடலைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வெளியேறி, பின்னால் நிற்பவரையும் தாக்கக்கூடும். நுனியில் குழி உள்ள தோட்டா, உடலுக்குள் போனதும் பூப்போல விரிந்து வேகம் குறைந்து நின்றுவிடும். அதனால் தற்காப்புக்கு இதையே பரிந்துரைக்கிறார்கள். அமெரிக்கப் போலீசாரும் இதைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள்.

விரியும் தோட்டாவை நம்மவர்கள் ‘டம்டம் தோட்டா’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் என்ற ஊரில் பிரிட்டிஷாரின் ஆயுதத் தொழிற்சாலை இருந்தது. 1890களில் அங்கே செய்த தோட்டாவால் வந்த பெயர் அது. இன்று கல்கத்தா விமான நிலையம் இருப்பதும் அதே டம்டம்தான். 1899இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள், போரில் இத்தகைய தோட்டாக்களைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தன. போர்க்களத்துக்கு ஆகாதென்று ஒதுக்கிய வகை, இன்று அமெரிக்கப் படுக்கையறை மேசைக்குள் இருக்கிறது.

இன்னொன்று. அமெரிக்காவில் பல வீடுகளின் உட்சுவர்கள் செங்கல் அல்ல. மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகைகள். குறி தவறிய தோட்டா எதுவானாலும் இரண்டு மூன்று சுவர்களைத் தாண்டிவிடும். அடுத்த அறையில் தூங்குவது யார்? குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதே என்பது துப்பாக்கிப் பாதுகாப்பின் நான்கு அடிப்படை விதிகளில் ஒன்று. மற்ற மூன்றையும் சொல்லிவிடுகிறேன்: எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே நினை, அழிக்க விரும்பாத எதன் மீதும் அதை நீட்டாதே, குறி நேராகும்வரை விசையில் விரலை வைக்காதே.

பயிற்சி இருந்தாலும் பதற்றம் பொல்லாதது. நியூயார்க் போலீசாரைப் பற்றி 2008இல் வெளிவந்த ரேண்ட் நிறுவன ஆய்வின்படி, எதிரியும் திருப்பிச் சுடும் மோதல்களில் அவர்கள் சுட்ட நூறு தோட்டாக்களில் 18தான் இலக்கில் பட்டன. சம்பளம் வாங்கிப் பழகியவர்களின் நிலையே இது. நள்ளிரவு மூன்று மணிக்குத் தூக்கத்தில் எழுந்து தடவும் குடும்பத் தலைவர் என்ன செய்வார்?

அந்தத் துப்பாக்கி யாரைச் சுடுகிறது?

2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர், அதாவது பாதிக்கும் மேல், தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். திருடனுக்காக வாங்கிய ஆயுதம், மனம் உடைந்த ஒரு இரவில் வீட்டுக்காரரின் கைக்கே எட்டிவிடுகிறது. கலிபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு இதை இன்னும் தெளிவாகச் சொன்னது. கைத்துப்பாக்கி இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், தன்னைச் சுட்டுக்கொண்டு இறக்கும் அபாயம் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்களுக்கு எட்டு மடங்கும் பெண்களுக்கு 35 மடங்கும் அதிகமாக இருந்தது.

அதனால், துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டிய முக்கியமான பொருள், அதைப் பூட்டி வைக்கும் பெட்டிதான். பிள்ளைகளுக்குச் சாவி இருக்குமிடம் தெரியக் கூடாது. ஆனால் ஆபத்து வரும்போது சில வினாடிகளில் திறக்கவும் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண். அந்த முரணோடுதான் அங்கே கோடிக்கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன.

யோஷிஹிரோ ஹட்டோரியின் கதையையும் சொல்ல வேண்டும். ஜப்பானிலிருந்து லூசியானா மாநிலத்துக்கு வந்த 16 வயது பரிமாற்ற மாணவன். 1992 அக்டோபரில் ஹாலோவீன் விருந்துக்கு வேடமணிந்து போனவன், முகவரி மாறி வேறொரு வீட்டு மணியை அடித்துவிட்டான். வீட்டுக்காரர் பாயின்ட் 44 மேக்னம் ரிவால்வரோடு வெளியே வந்து, அசையாதே என்று ஆங்கிலத்தில் கத்தினார். அந்த எச்சரிக்கை பையனுக்கு விளங்கவில்லை. சிரித்தபடி முன்னே நடந்தான். ஒரே ஒரு குண்டு. குற்றவியல் வழக்கில் வீட்டுக்காரர் விடுதலையானார். பிறகு சிவில் வழக்கில், நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பானது. பையனின் பெற்றோர் ஜப்பானில் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டி, துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தும்படி அதிபர் கிளிண்டனிடமே கேட்டார்கள். சுட்டவர் கொடியவர் அல்ல. பயந்தவர். பயந்தவர் கையில் பெரிய துப்பாக்கி இருந்தது, அவ்வளவுதான்.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, சுடும் ஆயுதத்துக்கும் தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். அதை வழங்கும் அதிகாரம் மாநிலப் போலீஸ் தலைவரிடம் இருக்கிறது. விளையாட்டுக்கென்று வாங்கும் போலித் துப்பாக்கிகூட அந்தச் சட்டப்படி குற்றமாகலாம். 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுதக் கூடுதல் தண்டனைச் சட்டத்தின் கீழ், சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டுகள்வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. சிங்கப்பூரில் 5 முதல் 10 ஆண்டு சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும்; குற்றத்தில் அதைப் பயன்படுத்தினால் தூக்கு.

அப்படியானால் நம்மைக் காத்துக்கொள்ள உரிமையே இல்லையா? இருக்கிறது. மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத்தான் பேசுகின்றன. உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ, மானத்துக்கோ நியாயமாக அஞ்ச வேண்டிய நிலை வந்தால், தாக்குபவர் இறக்கும் அளவுக்குப் போனாலும் சட்டம் மன்னிக்கும். ஆனால் 99ஆவது பிரிவு எல்லையும் போடுகிறது: தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது, போலீசை நாட நேரம் இருக்கும்போது நாமே தண்டிக்கக் கூடாது. பிடிபட்ட திருடனைக் கம்பத்தில் கட்டி வைத்து அடிப்பது இதில் சேராது. அடித்தவர்தான் பிறகு நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும்.

அமெரிக்கா போகும் பிள்ளைகளுக்கு

மகனையோ மகளையோ அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பும் பெற்றோர் இதைக் கட்டாயம் சொல்லி அனுப்புங்கள். மாணவர் விசா, சுற்றுலா விசா போன்றவற்றில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. நண்பனின் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்ப்பதுகூடச் சிக்கலில் முடியலாம். சுடும் பயிற்சிக் கூடத்துக்குப் போனால், நினைவுக்காக ஒரு தோட்டாவைப் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டாம். கே.எல்.ஐ.ஏ.விலோ சாங்கியிலோ அந்த ஒரு தோட்டாவே போதும், வாழ்க்கை தடம் புரள. தெரியாத வீட்டின் வளாகத்துக்குள் போகும் முன் முகவரியை இரண்டு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இங்கே நாம் செய்யக்கூடியவை சின்னச் சின்னக் காரியங்கள். வாசலில் நல்ல விளக்கு, உறுதியான பூட்டு, கேட்டைத் திறக்கும் முன் காடியிலிருந்தே சுற்றிலும் ஒரு பார்வை. இரும்புக் கிரில்லின் சாவி, தீ பிடித்தால் இருட்டிலும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரரின் எண் கைப்பேசியில் இருக்கட்டும், அவர் எந்த இனமானாலும். 1975இல் இருந்து நம் நாட்டில் ருக்குன் தெத்தாங்கா இருக்கிறது. உங்கள் தாமானில் அது தூங்கிக்கொண்டிருந்தால் நீங்களே போய் எழுப்புங்கள். உள்ளே ஆள் நுழைந்த சத்தம் கேட்டால், குடும்பத்தோடு ஓர் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு 999ஐ அழையுங்கள். நகையும் பணமும் போனால் பிறகு சம்பாதித்துக்கொள்ளலாம்.